நான்காவது ரீல்

கயானி நூலகத்தின் நிலவறையில்
பதினோரு பேருக்கு அந்தப் படத்தை ஓட்டினேன்.
வெளியே மைனஸ் இருபத்தாறு.
இயக்கியவர் பெயர் டப்பாவின் மேல் பாதி அழிந்திருந்தது.
மிச்சம் '...னென்'.
எங்கள் நாட்டில் பாதிப் பேர் அப்படித்தான் முடிவார்கள்.

போர்க்காலக் கதை. நடனத்துக்குத் தடை.
எல்லையில் ஆண்கள் சாகும்போது
இங்கே கால் துள்ளுவது என்ன நியாயம் என்கிறது சட்டம்.
நியாயம்தான்.
அதைக் காலுக்கு யார் வாசித்துக் காட்டுவது?

அவுனே தபால்காரி.
சாவைச் சொல்ல வேண்டியவர் பாதிரியார்,
கறுப்பு அங்கியோடு, குதிரை வண்டியில்.
ஆனால் சில சமயம் தபால் முந்திவிடும்:
புருஷனுக்கு எழுதிய கடிதம்
பிரிக்கப்படாமல் திரும்பி வரும்,
தன் கையெழுத்தின் மேலேயே
ஊதா மையில் ஒரு சொல் குத்தி.
வீழ்ந்தார்.

அதனால் அவள் சைக்கிள் வளைவில் திரும்பினால்
ஜன்னல்களில் திரை விழுகிறது.
அவள் செயினுக்கு எண்ணெய் போடுவதில்லை.
கிரீச்சென்று தூரத்திலேயே கேட்கட்டும்,
அழுக்குக் கையைத் துடைத்துக்கொள்ளவாவது
நேரம் இருக்கட்டும் என்று.

சனிக்கிழமை இரவு மட்டும் எண்ணெய்.

ரை கதிர் உலர்த்தும் மரக்கொட்டகை.
புகைக்கரி படிந்த சுவர், ஒரே ஒரு லாந்தர்.
எய்னோ அக்கார்டியனுக்குப் போர்வை சுற்றியிருக்கிறான்,
ஜன்னி கண்ட குழந்தையைப்போல.
யார் காலிலும் பூட்ஸ் இல்லை. கம்பளிக் காலுறை.
ஒன்பது பெண்கள், மூன்று ஆண்கள்,
அதில் ஒருவனுக்கு வலது கை இல்லை.
அவனோடு ஆடுபவள்
இல்லாத கையின் மேல் சாய்ந்து சுழலக்
கற்றுக்கொண்டிருக்கிறாள்.
கூரைமேல் ஒரு பையன்
கான்ஸ்டபிளின் விளக்குக்காகக் காவல்.
இசை கேட்காது. மூச்சு கேட்கும்.
வைக்கோல்மேல் கம்பளி உரசும் ஓசை,
மாடு அசைபோடுவதுபோல் மெதுவாக.

மூன்றாவது ரீல் முடியும்போதுதான் நமக்குத் தெரிகிறது:
கதவருகே ஆணியில் தொங்கும் தபால்பையில்
லெம்பியின் கடிதம் இருக்கிறது.
மாலை வண்டியில் திரும்பி வந்தது.
அவுனே பார்த்துவிட்டாள். கொடுக்கவில்லை.
லெம்பியோ எதிரே ஆடிக்கொண்டிருக்கிறாள்,
இதுவரை எந்தச் சனிக்கிழமையும் ஆடாதபடி,
தலைப்பின்னல் அவிழ்ந்து, வாய் கொஞ்சம் திறந்து.
அவுனே போய் அவள் இடுப்பைப் பிடிக்கிறாள்.
இன்னொன்று, என்கிறாள் எய்னோவிடம்.
இன்னும் ஒன்று.
விரல் வலிக்கிறது என்கிறான் அவன்.
ஒரே ஒன்று.

நான்காவது ரீலில் ஒலி இல்லை.
ஈரம் தின்றுவிட்டது.

காலை. கதவு திறக்கிறது.
லெம்பியின் முடியில் இன்னும் ஒரு வைக்கோல்.
தன் கையெழுத்தைப் பார்க்கிறாள். ஊதா மையைத் தொடுகிறாள்.
பிறகு உறையின் பின்புறம், எங்கள் ஊர் முத்திரை:
நேற்றைய தேதி.
குத்தியவள் எதிரே நிற்கிறாள், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு.

லெம்பி முகத்தைக் கொட்டகைப் பக்கம் திருப்புகிறாள்.
கேமராவுக்கு வாய் தெரியவில்லை.
தாடை தெரிகிறது. அது இருமுறை அசைகிறது.
கதவு சாத்தப்படுகிறது. படம் அவ்வளவுதான்.

எங்கள் மொழியில்
நன்றி என்பதற்கு இரண்டு அசை.
ஏன் என்பதற்கும் இரண்டு.

திருப்பிப் போடு என்றார்கள். போட்டேன்.
நன்றிதான் என்றார் ஓய்வுபெற்ற மரவியாபாரி.
யாரும் அவருக்குப் பதில் சொல்லவில்லை.
மறுபடி போட்டேன்.

விளக்கேற்றியபோது
முன்வரிசையில் ஸைமி பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுக்
காலுறையோடு உட்கார்ந்திருந்தாள்.
இங்கே ரொம்பப் புழுக்கம் என்றாள் என்னிடம்.
ஹீட்டர் ஒரு வாரமாகப் பழுது.